பன்னிரண்டு அடிப் பாதை

அண்ணே,

போன வாரம் மூலப்பத்திரத்தைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கலைத்தபோது, நம் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முதல் நகல் கையில் அகப்பட்டது. பதிவு செய்தது அல்ல. அதற்கு முன்னால், படித்துப் பார்க்கச் சொல்லி நீ கொடுத்தனுப்பியது. மூன்றாம் பக்க ஓரத்தில் நீலமும் பச்சையுமாக ஒரு விரல் கறை. திராட்சைக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறாய். பதினோரு வருடம் ஆகியும் கறை மங்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கறை எந்த வரிக்கு நேராக இருக்கிறது, அந்த வரியில் ஏன் விரல் நின்றது என்றுதான் முதலில் பார்த்தேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் உன் விரலை வேவு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் புத்தி அப்படி என்று உனக்குத் தெரியும். போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் முப்பது வருடம் கையெழுத்தை ஒத்துப் பார்த்தவள் நான். பணம் எடுக்க வருபவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பேன். வேலை அப்படி ஆக்கியதா, அப்படி இருந்ததால்தான் அந்த வேலை ஒத்துவந்ததா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று நீ சொல்வாய். சின்ன வயதில் இரண்டு மாம்பழத்தில் பெரியதை என் பக்கம் தள்ளுவாய். அதில் வண்டு இருக்கும் என்று சந்தேகப்பட்டு நான் சின்னதை எடுப்பேன். நீ பெரியதைத் தின்றுகொண்டே சிரிப்பாய். இதை ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் இதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்கப் போகிறேன்.

அப்பா உயில் எழுதாமல் போனார். அம்மா அதற்கு முன்பே இல்லை. காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; நீ ஒரு பை பன்னீர் திராட்சையோடு பஸ் ஏறித் தேனிக்கு வந்தாய். காப்பியைக்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னாய்.

"அப்பா தோட்டத்துல பாதி ஒனக்குத்தான்த்தா. பிரிச்சு எழுதிப் பதிஞ்சுருவோம். நாளைக்கு நம்ம பிள்ளைக ஆளுக்கு ஒண்ணு பேசக் கூடாது."

நம் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் தங்கச்சிமாரிடம் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு பட்டுச் சேலை, ஒரு கார், வழியில் ஓட்டலில் சாப்பாடு, அப்புறம் பங்கே வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து. என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் அப்படிப் போய்ப் போட்டுவிட்டு வந்து, சேலையை மட்டும் எங்களுக்குக் காட்டினார்கள். நீ சேலை எடுத்து வரவில்லை. பாதி தருகிறேன் என்று வந்தாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அண்ணே. நீ தெருமுனை தாண்டும் வரை பொறுத்திருந்து, என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"எந்த அண்ணன் தானா வந்து பங்கு குடுப்பான்? எங்கனயோ ஒரு முடிச்சு இருக்கு. தேடு."

தேட ஆரம்பித்தேன்.

மூத்தவர் கூறு வைத்தால் இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கூறு வைப்பவர் கோணல் பண்ணாமல் இருக்க, என்னைப் போன்ற யாரோ ஒரு சந்தேகப் பிராணி கண்டுபிடித்த ஏற்பாடாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். ராயப்பன்பட்டி ரோட்டில் இருந்த அப்பாவின் இரண்டு ஏக்கர் தோட்டத்தை நீ குறுக்கே பிரித்தாய். ரோட்டை ஒட்டி ஒரு கூறு. பின்னால், வாய்க்காலை ஒட்டி ஒரு கூறு. நடுவில் இருந்த கிணறு இருவருக்கும் பொது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே தலையைக் குனிந்து நின்றுகொண்டு எனக்கு யோசனை சொன்னாய்.

"ரோட்டுப் பக்கத்த எடுத்துக்கத்தா. பஸ்ஸ விட்டு எறங்குனா நேரா ஒன் எடம். நாளப்பின்ன வெலையும் ஏறும். பின்னாடி எனக்குப் போதும்."

ஏன் இவ்வளவு வருந்தி ரோட்டுப் பக்கத்தை என் தலையில் கட்டுகிறான் என்று நினைத்தேன். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களா? பின்னால் மண் நல்லதா? வாய்க்கால் ஈரம் அங்கேதானே நிற்கும்? நீ எதைக் கொடுக்க நினைத்தாயோ அதை விட்டுவிட்டு, "எனக்குப் பின்பக்கம் போதும்" என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். "சரி, எடுத்தது எடுத்ததுதான்" என்றாய். அந்தச் சிரிப்பை நான் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நீ எதைத் தள்ளுகிறாயோ அதை நான் தொடமாட்டேன் என்று மாம்பழக் காலத்திலிருந்தே உனக்குத் தெரியும். தெரிந்துதான் ரோட்டுப் பக்கத்தை என்னிடம் தள்ளினாயா?

பத்து நாளில் அந்த நகல் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தேன். சர்வே எண் சரி. அளவு சரி. கிணற்றில் பாதி, மோட்டார் சர்வீஸில் பாதி, எல்லாம் சரி. சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் ஏறியது. கடைசியில் நான்மால், அதாவது நாலு பக்க எல்லை சொல்லும் இடத்துக்கு வந்தேன். என் பங்குக்கு மேற்கே வாய்க்கால். வடக்கேயும் தெற்கேயும் அடுத்தவர் தோட்டம். கிழக்கே உன் பங்கு. சரி, ரோட்டில் இறங்கி நான் எப்படி என் இடத்துக்குப் போவது? பாதை என்ற சொல்லே பத்திரத்தில் எங்கும் இல்லை.

அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, அண்ணே. நிம்மதி. அப்பாடா, முடிச்சு அகப்பட்டுவிட்டது என்ற நிம்மதி. கட்டிலில் அசந்து படுத்திருந்த வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "வழியில்லாத நெலத்த யாரு வாங்குவா? கடைசில அவருக்கே கெடச்ச வெலைக்குக் குடுக்கணும். நல்ல கணக்கு" என்றார். அன்று ராத்திரிச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் நன்றாக இறங்கியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்திரம் எழுதும் பாய், உத்தமபாளையத்தில் பதிவு ஆபீசுக்கு எதிரே தகரக் கூரை போட்ட அறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார். அப்போது அவருக்குத் தாடி கறுப்பு. நீ எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் நகலை மேசையில் வைத்தேன்.

"பாதை எங்க பாய்?"

பாய் உன்னைப் பார்த்தார். "அண்ணன் குடுத்த விவரத்தத்தான் அடிச்சேன் தங்கச்சி. பாதை பத்தி அவுக ஒண்ணும் சொல்லல."

"என்ன பாதை?" என்றாய் நீ.

"எம்பங்குக்கு நான் எப்படிப் போறது?"

"எப்பவும் எப்படிப் போவ? பந்தலுக்குள்ள பூந்து போவ. இப்ப மட்டும் என்ன?"

"அது எழுத்துல இல்லையே அண்ணே."

நீ பாயைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "எந்தோட்டத்துக்குள்ள நீ நடக்க, நான் எழுதிக் குடுக்கணுமாத்தா?"

"ஆமா. எழுதித்தான் குடுக்கணும்."

அது கவுன்டரில் நான் பேசும் குரல். கையெழுத்து ஒத்துவரவில்லை, வேறு போட்டுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லும் குரல். உன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். பிடிபட்டவன் முகமும் அப்படித்தான் இருக்கும், மனம் புண்பட்டவன் முகமும் அப்படித்தான் இருக்கும். நான் முதலாவதுதான் என்று முடிவுகட்டினேன்.

"எத்தன அடி வேணும்?"

"பன்னெண்டு. டிராக்டர் போகணும்."

"பன்னெண்டு அடி போடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு நீ எழுந்து வெளியே போனாய். பக்கத்து ஜெராக்ஸ் கடையோரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் எழுந்திருக்கவில்லை. புதுப் பக்கம் பிரின்டரிலிருந்து வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வேறு பார்த்தேன்.

பதிவு நாளன்று உன் ரேகை மெஷினில் விழவில்லை. துத்தமும் சுண்ணாம்பும் தொட்டுத் தொட்டு உன் விரல் தேய்ந்து போயிருந்தது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். நாலாவது தடவையும் விழாதபோது நீ என் பக்கம் திரும்பி, "இந்த மெஷினும் ஒன்னய மாதிரித்தான்த்தா. எம்மேல நம்பிக்கையில்ல" என்றாய். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ என்னை ஆத்தா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

எல்லைக் கல் ஊன்றியிருக்கிறார்களா என்று பார்க்க அடுத்த வாரம் தோட்டத்துக்கு வந்தேன். ரோட்டிலிருந்து என் எல்லை வரை ஒரு வரிசைக் கல்தூணை நீ பிடுங்கிப் போட்டிருந்தாய். அந்த வரிசைக் கொடி முழுக்க வெட்டுப்பட்டுத் தரையில் கிடந்தது. கொத்துக் கொத்தாகக் காய். இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் கறுத்திருக்கும்.

"அறுப்பு முடிஞ்சு எடுத்திருக்கலாமே அண்ணே?"

"எழுதியாச்சுல்ல. எழுதுனது எழுதுனபடி இருக்கணும்" என்றாய். அப்புறம் டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டினாய். "வாங்க. அளந்து பாத்துக்கங்க. பன்னெண்டு இருக்கு."

வாங்க. பாத்துக்கங்க. எனக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தவன் நீ. நான் பல் விழுந்து நின்றதைப் பார்த்தவன். என்னை வாங்க என்றாய். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் திரும்பும்போது, கொடியை வெட்டியதும் ஒரு நடிப்போ, என்னைக் குற்றவாளி ஆக்கப் பார்க்கிறானோ என்றும் யோசித்தேன். சின்னமனூர் வருவதற்குள் பாதி நிச்சயமாகவே ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு வருடம். நமக்குள் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. உன் மகன் கல்யாணத்துக்கு நான் முன்னால் நின்றேன். என் மகள் கவிதா காலேஜ் சேர்ந்தபோது நீ வந்து பேனா வாங்கிக் கொடுத்தாய். என் பங்கில் தென்னை வைத்து, மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பேன். நீ பந்தலுக்கடியில் கவாத்து வெட்டிக்கொண்டிருப்பாய். "வாங்க. பாதை சௌகரியமா இருக்கா?" என்பாய். "இருக்கு" என்பேன். அவ்வளவுதான். சித்திரை வெயிலிலும் பந்தல் நிழலில் நான் கால் வைக்கவில்லை. நீ கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். நான் குனிந்து உள்ளே வரட்டும் என்று நீ இருந்தாயோ என்னவோ.

தேனி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று, வழி முழுக்க ஒரே கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதையை மறந்துவிட்டாயா, மறைத்துவிட்டாயா? கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். நீ கண்ணைத் திறந்தாய். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் இருந்து "வாங்க" என்றாய். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

நீ போன மறு வருடமே உன் மகன் ரோட்டுப் பக்கத்தை விற்க ஏற்பாடு செய்தான். மலைக்கு அந்தப் பக்கத்து ஆள், சுற்றுலா வருபவர்களுக்கு அறை கட்ட வாங்குகிறார் என்றான். என்னிடம் ஒரு காரியத்துக்காக வந்தான்.

"அத்தை, அந்தப் பாதை இருக்குறது வாங்குறவருக்கு இடைஞ்சலாம். ஒரு ரத்துப் பத்திரம் போட்டுக் குடுத்துருங்க. நீங்க போக வர வழி விடச் சொல்றேன். வாய்வார்த்தையா வச்சுக்குவோம்."

"ஒங்கப்பா எழுதிக் குடுத்தத நான் எதுக்குடா அழிக்கணும்?" என்றேன். அவன் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது உன் பந்தல் இல்லை, அண்ணே. கல்தூண்களை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். நடுவில் நீ விட்ட பன்னிரண்டு அடி மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் நாள் வாசலில் காவல் இருந்தவர் என்னை மறித்தார். "யாரு நீங்க? எங்கன போறீக?" கைப்பையிலிருந்து பத்திர ஜெராக்ஸை எடுத்துக் காட்டினேன். ஒதுங்கி வழிவிட்டார். நான் சந்தேகப்பட்டது சரியாகிவிட்டது. எழுதாமல் விட்டிருந்தால் இன்று என் தென்னைக்கு நான் வாய்க்கால் நீந்தித்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார். எனக்கு ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை. பந்தலுக்குள் புகுந்து போ என்று சொல்ல ஆளும் இல்லை, பந்தலும் இல்லை.

நான் மூலப்பத்திரத்தைத் தேடியதற்குக் காரணம் கவிதா. என் பங்கை அவள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டு வந்தாள். அதே பாய், அதே அறை. தாடி மட்டும் வெள்ளை. பாய் அடித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"உங்க ஆயுள் உள்ளவரைக்கும் நீங்களே அனுபவிக்கிறதா ஒரு வரி போடவா தங்கச்சி? இப்பல்லாம் நெறையப் பேரு போடச் சொல்றாக."

செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த கவிதா நிமிர்ந்தாள். "எதுக்கு பாய்? எங்கம்மா தோட்டத்துக்குப் போக வர நான் எழுதிக் குடுக்கணுமா?"

அன்று நீ கேட்ட அதே கேள்வி, அண்ணே. அன்று அவள் இங்கே இல்லை. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னதை அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை. அவள் முகத்தை நான் கையெழுத்தைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாகத் தெரிந்த முகம். அதில் கணக்கு இல்லை, முடிச்சு இல்லை. அம்மாவுக்குப் போய் எழுத்தா என்ற வருத்தம் மட்டும்தான் இருந்தது. அப்படியானால் உன் முகத்திலும் அன்று அது மட்டும்தான் இருந்ததா?

இவ்வளவும் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் வாய் முந்திக்கொண்டது. "போடுங்க பாய்."

"எம்மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு கவிதா எழுந்து வெளியே போனாள். பாய் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அன்றைய ஞாபகம் வந்ததோ என்னவோ. இந்தத் தடவை நான் எழுந்தேன். செருப்பைக்கூட மாட்டாமல் அவள் பின்னால் போனேன். டூவீலர்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றிருந்தாள். வெயிலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூறு எடுத்தது, பாதை கேட்டது, காயோடு கிடந்த கொடி, நீ என்னை வாங்க என்றது, ஒன்று விடவில்லை. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"மாமாட்ட நேரா ஒரு தடவ கேட்டிருக்கலாம்லம்மா?"

"கேட்டிருக்கலாம்."

"அவரு சொல்லியிருப்பாருல்ல?"

"சொல்லியிருப்பாரு. நான் நம்பியிருக்க மாட்டேன்."

கவிதா என் காலைப் பார்த்தாள். தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். என்னை இழுத்து நிழலில் நிறுத்தினாள். "சரி, அந்த வரிய எழுதிக்க. எழுதிட்டா எம்மேல நம்பிக்கை வந்துருமா?"

"அதையும் ரெண்டு தடவ படிச்சுப் பாப்பேன்" என்றேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே போனோம். அந்த வரியை அவளே பாய்க்குச் சத்தமாகச் சொல்லி அடிக்க வைத்தாள். திங்கட்கிழமை பதிவாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் என் தோளில் சாய்ந்து நின்றாள். இன்னமும் என்னை நீ என்றுதான் கூப்பிடுகிறாள். நான் ஒவ்வொரு வார்த்தையாகக் கவனித்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு ரோட்டுப் பக்கத்தை நீ ஆசையாகத்தான் கொடுத்திருக்கலாம். பாதையை எழுத வேண்டும் என்பதே உனக்குத் தோன்றாமல் போயிருக்கலாம். அண்ணன் தங்கச்சிக்குள் வழி எதற்கு எழுத வேண்டும் என்று நினைக்கிறவன்தான் அதை விட்டுவிடுவான். ஏமாற்ற நினைக்கிறவனும் அதைத்தான் விடுவான். இதற்கு மேல் எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் இன்று நீ வந்து நின்று, "மறந்துட்டேன்த்தா" என்று சொன்னால், பாதி நம்புவேன், அண்ணே. முன்பு அந்தப் பாதிகூட என்னிடம் இல்லை.